பைலட் சம்பளமும் எங்க சித்தப்பாவோட பீஸ் ரேட்டும்

இந்த எபிசோடு நான் பிளான் பண்ணினது இல்ல. போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில எங்க சித்தப்பா போன் பண்ணாரு. அவர் திருத்தங்கல்ல இருக்காரு. பட்டாசுக்குப் பேப்பர் குழாய் உருட்டி ஆலைகளுக்குக் கொடுக்கிற தொழில். மருந்து கிடையாது, வெடி கிடையாது, வெறும் காகிதமும் பசையும்தான். அக்கம்பக்கத்து வீடுகள்ல பெண்கள் உருட்டிக் கொடுப்பாங்க, ஆயிரத்துக்கு இவ்வளவுன்னு கூலி.

"ஏப்பா, பைலட்டுக்கு மாசம் பத்து லட்சமாமே, நெசமா?"ன்னு கேட்டாரு. யாரோ வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்காங்க. சும்மா கேக்கிறாருன்னு நினைச்சேன். அடுத்த வரியிலதான் விஷயமே வந்தது. என் தங்கச்சி, அதாவது அவர் பொண்ணு, பிளஸ் டூ மேத்ஸ் பிசிக்ஸ் முடிச்சிருக்கா, பைலட் ஆகணும்னு நிக்கிறா. சாத்தூர் போற வழியில இருக்கிற ஒரு பிளாட்டை வித்துட்டு, மிச்சத்துக்கு லோன் போடலாமான்னு யோசிக்கிறாரு. "நீதான் கம்ப்யூட்டர் படிச்சவன், கணக்குப் போட்டுச் சொல்லு."

கம்ப்யூட்டர் படிச்சவனுக்கு பிளேன் பத்தி என்ன தெரியும்? ஆனா எங்க ஊர்ல அப்படித்தான். ஃப்ரிட்ஜ் ரிப்பேர்ல இருந்து பேங்க் லோன் வரைக்கும் எல்லாத்துக்கும் என்கிட்டதான் வருவாங்க. சரின்னு ஒரு எக்செல் ஷீட் திறந்தேன். திறந்தா, முதல் வரியிலேயே மாட்டிக்கிட்டேன். நம்ம ஐடி வேலையில "சிடிசி இவ்வளவு"ன்னு ஒரு நம்பர் இருக்கும். பைலட்டுக்கு அந்த ஒரு நம்பர் இல்ல.

அவங்க சம்பளத்துல ஒரு பங்குதான் நிலையானது. இன்னொரு பங்கு பறக்கிற மணி நேரத்துக்கு. பெரும்பாலும் விமானம் நின்ன இடத்தைவிட்டு நகர ஆரம்பிச்ச நேரத்துல இருந்து, போய்ச் சேர்ந்து நிக்கிற நேரம் வரைக்கும் கணக்கு. அதுக்கு முன்னாடி ஏர்போர்ட்டுக்கு வந்து, மெடிக்கல் செக் முடிச்சு, வானிலை பார்த்து, எரிபொருள் முடிவு பண்ணி, ரெண்டு ஃப்ளைட்டுக்கு நடுவுல காத்திருக்கிறது எல்லாம் டியூட்டி. ஆனா மீட்டர் ஓடாது. மீட்டர் ஓடாத மாசத்துல வருமானம் ரொம்ப விழுந்துடக்கூடாதுன்னு கம்பெனிகள் ஒரு உத்தரவாதம் வெச்சிருக்கும். நீ பறந்தாலும் பறக்கலைன்னாலும் மாசம் இத்தனை மணி நேரத்துக்குக் காசு உண்டு, அதுக்கு மேல பறந்தா தனி.

இதைச் சித்தப்பாகிட்ட விளக்கணும்னு பத்து நிமிஷம் தயார் பண்ணிட்டுப் பேசினேன். அவருக்குப் பத்து செகண்ட்ல புரிஞ்சுபோச்சு. "அப்போ இது பீஸ் ரேட்டுதானே? மழை பேஞ்சா கூலி இல்ல."

அவ்வளவுதான். நான் படிச்ச எந்தக் கட்டுரையும் இவ்வளவு தெளிவா சொல்லல.

இந்த பீஸ் ரேட்டுக்கு ஒரு வரலாறு இருக்கு. இந்தியாவுல ஏர்லைன்ஸ் கதை 1932 அக்டோபர் 15ல தொடங்குது. ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியில இருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையோட ஒரு சின்ன பஸ் மாத் விமானத்தை ஓட்டிட்டு வந்தாரு. அங்கிருந்து பெல்லாரி வழியா நம்ம மெட்ராஸுக்கு அதை ஓட்டிட்டு வந்தவர் நெவில் வின்சென்ட். அதே காலத்துல அமெரிக்காவுல பைலட்டுகளுக்கும் முதலாளிகளுக்கும் பெரிய சண்டை நடந்துட்டு இருந்தது. புது விமானங்கள் வேகமா போகுது, மணிக்கணக்குல கூலி கொடுத்தா அதே தூரத்துக்குக் கூலி குறையும். அப்போ வேகத்தோட லாபம் யாருக்கு? 1934 மே மாசம் அங்க தேசிய தொழிலாளர் வாரியம் ஒரு தீர்ப்பு கொடுத்தது. 'முடிவு எண் 83'னு அதுக்குப் பேரு. அடிப்படைச் சம்பளம், மணி நேரத்துக்குக் காசு, அதோட மைல் கணக்குலயும் காசு. மாசம் 85 மணி நேரத்துக்கு மேல பறக்கக்கூடாது. நிலையான ஒரு பங்கு, மணி நேரத்துக்கு ஒரு பங்கு, மேல ஒரு உச்சவரம்புங்கிற அந்த அச்சு இன்னைக்கும் மாறல.

இந்தியாவுல 1953ல அரசு எல்லா ஏர்லைன்ஸையும் எடுத்துக்கிச்சு. ஏர் இந்தியா வெளிநாட்டுக்கு, இந்தியன் ஏர்லைன்ஸ் உள்நாட்டுக்கு. அடுத்த 40 வருஷம் பைலட்டுக்கு வேலை மாறணும்னா போக இடமே இல்ல. யூனியன், ஒப்பந்தம், சில சமயம் ஸ்ட்ரைக், அந்த வழியாத்தான் சம்பளம் ஏறினது.

தனியார் வந்தப்போதான் ஆட்டம் மாறுது. 1992, 93ல ஈஸ்ட் வெஸ்ட், தமானியா, ஜெட் ஏர்வேஸ்னு வரிசையா வந்தாங்க. பைலட் படிப்பு முடிச்சு, பெரிய ஜெட் ஓட்டி அனுபவம் உள்ளவங்க அன்னைக்கு எங்க இருந்தாங்க? அரசு கம்பெனியில மட்டும்தான். தனியார் அதிகச் சம்பளம் கொடுத்து இழுத்தாங்க. 1992 கடைசியில இந்தியன் ஏர்லைன்ஸ் பைலட்டுகள் ஸ்ட்ரைக் பண்ணாங்க. சமாளிக்க அரசு உஸ்பெகிஸ்தான்ல இருந்து விமானத்தையும் ஆளையும் வாடகைக்கு எடுத்தது. 1993 ஜனவரி 9, ஹைதராபாத்ல இருந்து வந்த அப்படி ஒரு டுபோலேவ் விமானம் டெல்லி பனிமூட்டத்துல இறங்கும்போது கவிழ்ந்து எரிஞ்சது. ஆச்சரியம், ஒரு உயிர்கூடப் போகல. ஆனா ஆள் பற்றாக்குறைன்னா என்னன்னு நாட்டுக்கே புரிஞ்சது. அதுக்கப்புறம்தான் அரசு கம்பெனிகள்ல 'உற்பத்தியோட இணைச்ச ஊக்கத்தொகை'ன்னு ஒண்ணு பெருசா வளர்ந்தது. அடிப்படைச் சம்பளத்தைத் தொட்டா மத்த அரசு ஊழியரும் கேப்பாங்க, அதனால ஊக்கத்தொகைங்கிற பேர்ல கூட்டிக் கொடுக்கிறது. நம்ம கம்பெனிகள்ல 'வேரியபிள் பே'ன்னு சொல்றாங்களே, அதோட பெரியண்ணன்.

அடுத்த அலை 2003. கேப்டன் கோபிநாத் ஏர் டெக்கான் ஆரம்பிச்சாரு. 'சூரரைப் போற்று' பார்த்திருப்பீங்க. படத்துல அவரைச் சோழவந்தான்காரரா மாத்தினதால எங்க பக்கத்து ஆளுங்க எல்லாருமே அவரை நம்ம ஊர்க்காரர்னு நினைக்கிறாங்க. நிஜத்துல அவர் கர்நாடகாவுல கொரூர். பின்னாடியே 2005ல கிங்ஃபிஷர், ஸ்பைஸ்ஜெட், கோ ஏர். 2006ல இன்டிகோ. திடீர்னு நூத்துக்கணக்குல விமானம், ஓட்டக் கேப்டன் இல்ல. வெளிநாட்டுக் கேப்டன்களைக் கூடுதல் காசு கொடுத்துக் கூட்டிட்டு வந்தாங்க. ஒரு கம்பெனி ஆளை இன்னொரு கம்பெனி தூக்கிட்டுப் போறது சகஜமாச்சு.

அப்போ டிஜிசிஏ ஒரு விதி போட்டது. பைலட் வேலையை விடணும்னா 6 மாசம் நோட்டீஸ். 2017ல கேப்டன்களுக்கு அதை ஒரு வருஷமா ஆக்கினாங்க. நமக்கு 90 நாள் நோட்டீஸுக்கே மூச்சு முட்டுது. ஒரு வருஷம்னா யோசிச்சுப் பாருங்க. சம்பளத்தைப் பத்திப் பேசும்போது இதை யாரும் கணக்குல எடுக்கிறதில்ல. உங்களுக்கு மார்க்கெட்ல கிராக்கி இருக்கு, ஆனா அந்தக் கிராக்கியை எடுத்துக்கிட்டு நகர ஒரு வருஷம் ஆகும். 2023 ஆகஸ்ட்ல ஆகாசா ஏர்ல 43 பைலட்டுகள் நோட்டீஸ் காலத்தை முடிக்காம கிளம்பினாங்க. கம்பெனி பாம்பே ஹைகோர்ட்டுக்கே போச்சு.

இதுவரைக்கும் சொன்னதைக் கேட்டுட்டு சித்தப்பா, "அப்போ நல்லாத்தானே ஏறியிருக்கு"ன்னாரு. ஏறினது உண்மை. ஆனா சம்பளம் எவ்வளவுங்கிறது ஒரு கேள்வி. சம்பளம் வருமாங்கிறது வேற கேள்வி.

கிங்ஃபிஷர்ல 2012ல மாசக்கணக்கா யாருக்கும் சம்பளம் வரல. அந்த அக்டோபர்ல விமானங்கள் நின்னுச்சு, மறுபடி கிளம்பவே இல்ல. ஜெட் ஏர்வேஸ்ல 2019 தொடக்கத்துல இருந்தே பைலட்டுகளுக்குச் சம்பளம் வராம இருந்தது. ஏப்ரல் 17 ராத்திரி கடைசி விமானம் இறங்கிச்சு. மாசம் பல லட்சம் வாங்கினவங்கதான். ஆனா வீட்டு லோன், பிள்ளைங்க ஸ்கூல் எல்லாமே அந்தச் சம்பளத்துக்கு ஏத்த மாதிரிதானே போட்டிருப்பாங்க? விழும்போது உயரத்துக்குத் தகுந்த அடி.

நடுவுல 2011ல நடந்த ஒண்ணுதான் எனக்கு ரொம்ப முக்கியமாப் படுது. 2007ல ஏர் இந்தியாவையும் இந்தியன் ஏர்லைன்ஸையும் இணைச்சாங்க. ஆனா ரெண்டு பக்கத்துக்கும் சம்பள முறை வேற வேறயாவே இருந்தது. 2011 ஏப்ரல் கடைசியில பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் பைலட்டுகள் பத்து நாள் ஸ்ட்ரைக் பண்ணாங்க. சம சம்பளம் கேட்டாங்க. கூடவே, பறக்கிற மணியை நம்பி வாழ முடியாது, குறிப்பிட்ட மணி நேரத்துக்கு உத்தரவாதம் வேணும்னும் கேட்டாங்க. டிவியில "லட்சக்கணக்குல வாங்குறவங்களுக்கு ஸ்ட்ரைக்கா"ன்னு திட்டினாங்க. நான் அப்போ ஸ்கூல் பையன், நானும் அப்படித்தான் நினைச்சேன். சித்தப்பாவோட பீஸ் ரேட் வார்த்தையைக் கேட்ட பிறகுதான் அந்தக் கோரிக்கையை வேற மாதிரிப் பார்க்கிறேன். ரோஸ்டர் போடுறது கம்பெனி. எத்தனை மணி பறக்கணும்னு முடிவு பண்றது கம்பெனி. பைலட் நோகாம உக்காந்திருக்கிறதால மணி குறையறதில்ல.

கொரோனா வந்தப்போ இது அப்பட்டமாத் தெரிஞ்சது. 2020 மார்ச் 25ல இருந்து ரெண்டு மாசம் உள்நாட்டு விமானமே இல்ல. இன்டிகோ பைலட் சம்பளத்தை 30 சதவீதம் வரைக்கும் குறைச்சது. ஏர் இந்தியாவுல உத்தரவாத மணி 70ல இருந்து 20க்கு இறங்குச்சு. இது எவ்வளவு பெரிய வெட்டுன்னு காட்ட, மணிக்கு 5,000 ரூபாய்னு ஒரு பேச்சுக்கு வெச்சுக்குவோம். 70 மணின்னா மூணரை லட்சம். 20 மணின்னா ஒரு லட்சம். ரேட்டை ஒரு பைசாகூடக் குறைக்காமலே இந்த வெட்டு விழுது.

எங்க ஊருக்கு இது புதுசு இல்ல. 2018 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் பேரியம் கூடாதுன்னு சொன்ன பிறகு, சிவகாசி ஆலைகள் மாசக்கணக்குல மூடிக் கிடந்தது. ஆயிரத்துக்கான கூலி ரேட்டு அப்படியேதான் இருந்தது. உருட்டத்தான் குழாய் இல்ல.

கொரோனா முடிஞ்சதும் கதை திரும்புது. 2023 பிப்ரவரியில டாட்டாகிட்ட திரும்பப் போயிருந்த ஏர் இந்தியா 470 விமானம் ஆர்டர் பண்ணது. ஜூன்ல இன்டிகோ 500. ஸ்பைஸ்ஜெட் 2023 மேயில கேப்டன் சம்பளத்தை 75 மணி நேரத்துக்கு மாசம் ஏழரை லட்சமா ஆக்கினது. அந்த வாட்ஸ்அப் பார்வேர்டோட மூலம் இந்த மாதிரி செய்திகள்தான். ஆனா அதே ஏப்ரல்ல ஏர் இந்தியா கொண்டுவந்த புது சம்பள முறையில, உத்தரவாத மணி 20ல இருந்து 40 ஆச்சு. 70க்குத் திரும்பல. யூனியன்கள் ஏத்துக்கல. அதே முறையை விஸ்தாராவுக்குக் கொண்டுவந்தப்போ, அங்க 70ல இருந்தது 40க்கு இறங்குச்சு. 2024 ஏப்ரல்ல பைலட் இல்லாம விஸ்தாரா விமானங்கள் வரிசையா ரத்தானது ஞாபகம் இருக்கும். ஏர்போர்ட்ல மாட்டிக்கிட்டவங்க நம்ம கேட்குறவங்கள்லயே இருப்பீங்க. அதிகமா அடிபட்டது கோ-பைலட்டுகள்.

இப்போ சித்தப்பா கேள்விக்கு வரேன். அந்த ஏழரை லட்சம் கேப்டனோடது. ஏர் இந்தியாவோட அந்த 2023 முறையில மாசச் சம்பளம் 50,000ல இருந்து எட்டரை லட்சம் வரைன்னு செய்தி வந்தது. எட்டரை லட்சம் சீனியர் கமாண்டருக்கு. அந்த 50,000 யாருக்குன்னா, டிரெய்னிக்கு. என் தங்கச்சி போய் நிக்கப் போறது அந்த வரிசையில.

கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்திருக்கணும். அதுக்கு மேல எந்த விமானத்தை ஓட்டப் போறோமோ அதுக்குத் தனிப் பயிற்சி. சித்தப்பா விசாரிச்ச வகையில எல்லாம் சேர்த்து 80 லட்சத்தைத் தாண்டுது. 80 லட்சத்தை 11 சதவீத வட்டியில 10 வருஷ லோனாப் போட்டா, மாசத் தவணை 1,10,000 ரூபாய். டிரெய்னி சம்பளம் 50,000. எக்செல்ல அந்த செல் சிவப்பாத்தான் வந்தது. அதுவும் வேலை கிடைச்சாத்தான். 2022ல டிஜிசிஏ கொடுத்த கமர்ஷியல் லைசென்ஸ் 1,165. 2023ல 1,622. பேப்பர்ல 'பைலட் பற்றாக்குறை'ன்னு வர்றதெல்லாம் பெரும்பாலும் கேப்டன் பற்றாக்குறை. லைசென்ஸ் வாங்கிட்டு வருஷக்கணக்கா முதல் சீட்டுக்குக் காத்திருக்கிறவங்க எப்பவும் இருக்காங்க.

இதைச் சொன்னப்போவும் சித்தப்பா அவர் பாஷையிலதான் எடுத்துக்கிட்டாரு. "கட்டுறதுக்கு ஆள் ஆயிரம் கிடைக்கும். லைசென்ஸ் உள்ள போர்மேன்தான் கிடைக்க மாட்டான். நம்ம புள்ள போர்மேன் ஆகுறவரைக்கும் தவணையை நான் கட்டணும், அதானே?"

அதேதான் சித்தப்பா.

வெளிநாட்டுலயும் இதே ஏற்றம் இறக்கம்தான். 2009 ஜனவரியில ஹட்சன் ஆத்துல விமானத்தை இறக்கி எல்லாரையும் காப்பாத்தின கேப்டன் சல்லன்பர்கர், அடுத்த மாசமே அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னாடி போய், தன்னோட சம்பளம் 40 சதவீதம் வெட்டப்பட்டதையும் பென்ஷன் போனதையும் சொன்னாரு. நாடே கொண்டாடின ஆள். அதே பிப்ரவரியில பஃபலோ பக்கத்துல கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தாங்க. விசாரணையில தெரிஞ்சது, கோ-பைலட் வாங்கினது ரொம்பச் சின்னச் சம்பளம், சியாட்டில்ல பெற்றோர் வீட்டுல இருந்து ராத்திரி முழுக்கப் பயணம் பண்ணி நியூவார்க்குக்கு டியூட்டிக்கு வந்திருந்தாங்க. அதுக்கப்புறம் அங்க விதிகள் இறுகினது, ஆள் குறைஞ்சது, சம்பளம் ஏறினது. 2023ல டெல்டா நாலு வருஷத்துல 34 சதவீத உயர்வு கொடுத்தது.

இங்கயும் ஓய்வு விதிகள் இறுகுது. வார ஓய்வு 36 மணியில இருந்து 48 மணி, ராத்திரி லேண்டிங் 6ல இருந்து 2. இதுக்குத் தேவையான ஆளை எடுக்காம விட்டதாலதான் 2025 டிசம்பர்ல இன்டிகோ ஆயிரக்கணக்குல விமானங்களை ரத்து பண்ணது. டிஜிசிஏ தற்காலிகமா விலக்குக் கொடுக்க வேண்டியதாச்சு. விதி நின்னா புது ஆளுக்கு வேலை கூடும். என் எக்செல்ல நான் கண்ட ஒரே பச்சை செல் அது. இன்னொண்ணு, இந்தியாவுல பைலட்டுகள்ல சுமார் 15 சதவீதம் பெண்கள், உலக சராசரியைவிடப் பல மடங்கு. சம்பள ரேட்டு சீனியாரிட்டி படிதான், ஆண் பெண்ணுன்னு கிடையாது. சிவகாசியில அப்படிச் சொல்ல முடியாதுன்னு தங்கச்சியே சொன்னா.

ஷீட்டை அவகிட்டயும் அனுப்பினேன். திட்டுவான்னு நினைச்சேன். ஒரு நாள் கழிச்சு பதில் வந்தது. "அண்ணே, ஆறாவது வரியில கேப்டன் ஆக 5 வருஷம்னு போட்டிருக்க. 8 வருஷம் போட்டுப் பாரு. லோனை 40 லட்சமாக் குறைச்சுப் பாரு." போட்டுப் பார்த்தேன். சிவப்பு கொஞ்சம் ஆரஞ்சு ஆச்சு. பிளாட்டை விக்கிறதுங்கிற வரியை மட்டும் நாங்க ரெண்டு பேருமே தொடல, அது சித்தப்பா வரி.

போன வாரம் பேசினப்போ, முதல்ல மெடிக்கல் டெஸ்ட் மட்டும் எடுத்துடலாம், அதுல பாஸ் ஆகலைன்னா மத்த கணக்கே வேண்டாம்னு முடிவு பண்ணியிருந்தாங்க. சரியான வரிசைன்னு எனக்கும் தோணுச்சு. கேடட் புரோகிராம் பத்தி ஏதோ கேக்க ஆரம்பிச்சாரு, பாதியில நிறுத்திட்டாரு. "தம்பி, தூறல் விழுது. குழாயெல்லாம் வெளிய காயுது. அப்புறம் பேசுறேன்"னு வெச்சுட்டாரு.